துவக்குக்கு முதுகு காட்டி இறங்குதல்

நல்லதம்பி அண்ணன் லொறியிலிருந்து விழுந்தது காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில். லொறி நின்றுகொண்டிருந்தது. எஞ்சினும் அணைத்திருந்தது. மூட்டைகளின் மேலிருந்து இறங்க வந்தவர் பின்பலகையில் கால் வைத்தார், சறுக்கினார், கல்லுப் போட்ட தரையில் இடுப்பு அடிபட விழுந்தார். அவ்வளவுதான் நடந்தது.

அது யுத்த காலம். மட்டக்களப்பு நகரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கிழமைக்கு இரண்டு தரம் நிவாரண அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு, வாவியைத் தாண்டி உன்னிச்சைப் பக்கம் போவோம். லொறியை ஓட்டுவது குணம். அவனுக்குப் பக்கத்து ஆசனம் எனக்கு. பின்னால் மூட்டைகளின் மேல் நான்கு நாட்டாமிமார். மூட்டை தூக்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆரையம்பதிக்காரரான நல்லதம்பி அண்ணன் அவர்களில் மூத்தவர்.

வழியில் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டவேண்டும். சில நாட்களில் மூட்டைகளையும் இறக்கிக் காட்டி மறுபடி ஏற்றவேண்டும். அந்த மனிதர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்கினார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு, இறங்கி நின்ற நாட்டாமி ஒருவர் அட்டையை எடுக்க மடிக்குள் கை விட்டார். சிப்பாய் சட்டென்று துவக்கை நிமிர்த்திவிட்டான். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் எனக்கு உயிர் போய் வந்தது. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன்.

"இறங்கக்குள்ளயே அட்டை கையில இருக்கோணும். மடிக்குள்ள ஒருத்தரும் கை போடப்படாது."

எல்லோரும் ஓம் என்றார்கள். நல்ல ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

யாரும் சொல்லாமலே வந்த இன்னொரு பழக்கமும் இருந்தது. லொறியைப் பார்த்தபடி இறங்கினால் முதுகு சிப்பாயின் பக்கம் இருக்கும். துவக்கோடு நிற்பவனுக்கு எவன் முதுகு காட்டுவான்? ஆகவே வெளியே பார்த்தபடி, ஒரு கையில் அட்டை, மறு கையில் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதித்து இறங்குவார்கள். லொறியைப் பிடிக்கக் கை மிஞ்சாது. பின்பலகையில் எப்போதும் கோதுமை மா படிந்திருக்கும். றப்பர் செருப்புச் சறுக்க அது தாராளம்.

அன்று சாவடியில் அவர் விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது நல்லதம்பி அண்ணன் மல்லாந்து கிடந்தார். வலியில் முகம் கோணிப் போயிருந்தது. ஆனால் வலது கையை உயர்த்தி அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா இருக்கு சேர். இந்தா இருக்கு."

சிப்பாய் அதை வாங்கவில்லை. சாவடிக்குப் பொறுப்பாக இருந்த கோப்ரல் ஓடிவந்து, தங்கள் வாகனத்திலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

எங்கள் முகாமையாளர் அறிக்கை கேட்டார். "ஆனைக்கும் அடி சறுக்கும்தானே காணும். கவனயீனம் எண்டு எழுதி அனுப்பும்," என்றார். நானும் அப்படியே எழுதினேன்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, இனி மூட்டை தூக்க முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கட்டிலடியில் நின்ற அவருடைய மனைவி பரமேசு அக்காவிடம் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன்.

"கவனயீனமா?" என்றார். "இருவது வருசமா மூட்டை தூக்கின மனிசன் ஐயா இது. அட்டையக் கையில புடிச்சிட்டு இறங்கு எண்டு சொன்ன ஆரு? மறுகா எந்தக் கையால லொறியப் புடிக்கிற? நீங்க ஒருநாளாவது மேல ஏறி இறங்கிப் பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் கதவு இருந்தது, கைபிடி இருந்தது, கால் வைக்கப் படி இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் அறிக்கையைத் திருப்பி வாங்கி, என் உத்தரவுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். முகாமையாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த பயணத்தில் கோப்ரலிடம் போய்க் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். நானே முதலில் இறங்கி எல்லோருடைய அட்டைகளையும் தருகிறேன், இவர்கள் வெறுங்கையோடு, லொறியைப் பார்த்தபடி இறங்கட்டும் என்றேன்.

அவர் யோசித்தார். "முதுகு இந்தப் பக்கம். கையில என்ன இருக்கு, எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. "ரெண்டு கையும் லொறிக்கு மேல இருக்கிற கம்பியில இருக்கும் சேர். உங்களுக்கு நல்லாத் தெரியும்," என்றேன்.

"சரி. நீ ஏறு. நீ முதல் இறங்கு. நான் பாக்கிறன்."

பின்பக்கத்தால் ஏறினேன். நாட்டாமிமார் மூவரும் மூட்டைகளின் மேல் இருந்து என்னையே பார்த்தார்கள். "ஐயா, செருப்பக் கழட்டிப்போட்டு இறங்குங்க," என்றான் குணம் கீழேயிருந்து. கழற்றினேன். சிப்பாயின் பக்கம் முதுகைத் திருப்பினேன். இரண்டு கையும் கம்பியில், ஒரு கால் பலகையில். மற்றக் காலைக் கீழே விட்டுத் தேடினேன். பலகைக்குக் கீழே இருந்த இரும்புக் கொளுக்கியில் பட்டது. கால் ஊன்றிய பிறகுதான் ஒரு கையை மாற்றினேன். முதுகு முழுதும் கூசியது. இப்படிப் பயந்துகொண்டு ஒருவனால் கால் பார்த்து வைக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தரையில் நின்று திரும்பினேன். "அடுத்த ஆள்," என்றார் கோப்ரல்.

குதிக்காதே, லொறியைப் பார்த்து இறங்கு, கையை வெறுமையாக வைத்திரு, பலகையைக் கூட்டித் துடை என்றெல்லாம் இப்போது களஞ்சியச் சுவர்களில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம். சட்டம் போடுகிறவன் முதலில் தானே ஒருதரம் ஏறி இறங்கிப் பார்க்கவேண்டும் என்பதை மட்டும் எந்தச் சுவரிலும் நான் காணவில்லை. நான் ஏறிப் பார்த்திருந்தால் நல்லதம்பி அண்ணன் இன்னும் பத்து வருசமாவது மூட்டை தூக்கியிருப்பார்.