எரிந்துபோன ஐந்தாம் இலக்கம்

ஜெர்சியின் முதுகில் பெயரும் இலக்கமும் அடித்துக் கொடுப்பதுபோல லேசான தொழில் வேறில்லை என்று நினைப்பவர்கள், ஒரு சனிக்கிழமை லண்டன் அப்டன் பார்க்கில் என் கடையில் வந்து நிற்க வேண்டும். தையற்கடை, சலவைக்கடை, மணிக்கூடு திருத்தும் கடை என்று அடுத்தவர் சாமானைக் கையில் வாங்கிப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தருகிறவரின் உயிர் பாதி அந்தச் சாமானில்தான் இருக்கும். பழுதானால் நாம் தொலைந்தோம்.

துண்டில் இடம் போதாது

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. பெயர், இலக்கம், கிளப் மூன்றையும் வாடிக்கையாளர் தன் கையாலேயே ஓடர் துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சண்டை வரும். போன வசந்தத்தில் பிலிப் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிரான்சின் வடக்கே ஒரு கடலோர நகரத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது இங்கே வால்தம்ஸ்டோவில் மகளோடு இருக்கிறார். பிரான்சில் இருந்தபோது அந்த ஊர்க் கால்பந்துக் கிளப்பில் விளையாட்டுக்காரரின் உடுப்புத் தோய்ப்பது அவர் வேலை. கிளப்பின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இருக்கிற கவலை போதும்.

துண்டில் கிளப் என்ற கட்டத்தில் பெயரை எழுதியவர் நிறுத்தவில்லை. துறைமுகத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கியது, ஒருமுறை லீக் சாம்பியன், இரண்டு முறை பிரெஞ்சுக் கோப்பை, ஒருமுறை ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி என்று துண்டைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. வரிசையில் ஆறு பேர் வேறு. "அண்ணை, எனக்கு இலக்கம் மட்டும் காணும்" என்றேன். பேனையை மூடாமலே சொன்னார்: "இலக்கத்தை ஆரும் அடிப்பினம் தங்கச்சி, ஆரின்ரை இலக்கம் எண்டு தெரிஞ்சு அடிக்க வேணும்."

தோய்க்கிறவர்களின் கிளப்

அடுத்த நாள் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே கடைக்குச் சட்டையைக் கொண்டுவந்தார். பழைய மஞ்சள் சட்டை. இரண்டாவது கோப்பையை வென்ற அன்று கப்டன் போட்டிருந்தது. தோய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நீயே வைத்துக்கொள்" என்று கப்டன் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். முதுகில் ஐந்து என்ற இலக்கம் பாதி உரிந்து தொங்கியது. இத்தனை வருடம் தொங்கியதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கிளப் இப்போது இரண்டாம் பிரிவில் கடைசிக்குக் கிட்ட நிற்கிறது. வருகிற சனிக்கிழமை கடைசி மட்ச். தோற்றால் மூன்றாம் பிரிவு. தொழில்முறைக் கிளப் என்ற பெயரே போய்விடும். உடுப்புத் தோய்க்கும் அறையில் அவரோடு வேலை செய்த மூன்று பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளப் கீழே போனால் முதலில் மூடப்படுவது அந்த அறைதான். அவர்களோடு நின்று மட்ச் பார்க்க, இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரான்சுக்குப் பஸ்ஸில் போகப் போகிறார். விளையாட்டுக்காரர் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள்தானே என்று ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "ஓம், விளையாடுறவைக்கு வேறை கிளப் கிடைக்கும், தோய்க்கிறவைக்கு ஆர் தாறது?"

பதினைந்து விநாடி

புதிய இலக்கத்தைச் சட்டையில் வைத்து, சூடேறிய அச்சுத்தட்டை அதன்மேல் இறக்கி, பதினைந்து விநாடியில் தூக்க வேண்டும். பழைய துணி என்றால் முதலில் உள்மடிப்பில் ஒரு மூலையைச் சுட்டுப் பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் பார்க்கவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டே, இரண்டாவது கோப்பையை எப்படி வென்றீர்கள் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை, மேலதிக நேரத்திலும் இல்லை, பெனல்டி. அவர்களுடைய கோல்கீப்பருக்கு அன்று காய்ச்சல். காலையில் மூன்று பெனியனை வியர்வையில் நனைத்துவிட்டு, நாலாவது காய்ந்த பெனியன் கேட்டுப் பிலிப் அண்ணையிடம் வந்தவராம். எதிரணியின் கடைசி ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னே நடக்கிறான். மெஷினின் மணி அடித்தது. அதை ஒரு கையால் நிறுத்திவிட்டு, "பிறகு?" என்றேன். பிறகு மூக்கில் புகை மணத்தது. தட்டைத் தூக்கினால், ஐந்தைச் சுற்றித் துணி பழுப்பாகிச் சுருங்கி, பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போயிருந்தது. அழுதே விட்டேன். மன்னியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கொஞ்ச நேரம் சட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு அதை மடித்துப் பையில் வைத்தார். "பிழை என்ரைதான். அந்தப் பெனல்டியை நான் கெதியாச் சொல்லி முடிச்சிருக்க வேணும்."

செவ்வாய்க்கிழமை

சனிக்கிழமை மட்சை போனில் நானும் பார்த்தேன். பந்துக்கும் எனக்கும் வியாபாரத் தொடர்பு மட்டும்தான். ஆனாலும் அன்று கடையைப் பூட்டிவிட்டே பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டு. தோற்றுவிட்டார்கள். அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று இரண்டு நாளாக ஒரே யோசனை.

செவ்வாய்க்கிழமை வந்தார். கண் வீங்கியிருந்தது. மூன்று பெண்களுக்கும் மாத முடிவோடு வேலை இல்லையாம். சட்டை எங்கே என்று பயந்து பயந்து கேட்டேன். தோய்க்கும் அறைச் சுவரில் அவர்களே அதை வாங்கி மாட்டிவிட்டார்களாம். "கருகின முதுகோடயா அண்ணை?" என்றேன். "அந்த முதுகு தெரியத்தான் மாட்டினவை. லண்டனிலை ஒரு பிள்ளை எங்கட கதையைக் கேட்டுக்கொண்டு நிண்டு எரிச்சுப்போட்டுது எண்டு சொன்னன், எங்களைப் பற்றி இன்னும் ஆக்கள் இப்பிடிக் கேக்கினமோ எண்டு மூண்டு பேரும் அழுதவை."

இத்தனை வருடத்தில் நான் பழுதாக்கிய சட்டைகளுக்குள், எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது இந்த ஒன்றுதான்.