ஒரு நாய்க்காகக் கோர்ட்டுக்குப் போன சிவகாமி அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒக்கூரிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தது. காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்போது போர்டில் இருந்தவள் நான்தான். யாருக்கு இணைப்பு வேண்டும் என்று கேட்டேன்.

"யாருக்கும் வேணாம்மா. உங்களுக்குத்தான். நான் சிவகாமியோட தம்பி பேசுறேன். அக்கா போயிருச்சு. எக்ஸ்சேஞ்சுல இருக்கிறவுகளுக்குச் சொல்லிரணும்னு சொல்லியிருந்துச்சு."

பதில் சொல்வதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. எடுத்துப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்திருக்கும் ஆபரேட்டர் பெண்களுக்காக எழுதுகிறேன். அவர் தச்சு ஆசாரி ஒருவரின் மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை வீட்டில் தனியாக இருந்தார். வெள்ளை என்று ஒரு நாய் வளர்த்தார். அது காலையில் அவரோடு நடந்து வரும். அவர் வேலை முடிந்து வெளியே வரும்வரை வாசலில் காத்துக் கிடக்கும். நாங்கள் எல்லோரும் அதற்குச் சோறு போட்டிருக்கிறோம்.

எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே அன்று ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கடைக்காரர் என் கணவருக்குப் பங்காளி முறை. ஒரு நாள் மத்தியானம் நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது, வெள்ளை அவர் கடையின் பக்கச் சுவரோரம் நிழலில் படுத்திருந்தது. அவர் உள்ளேயிருந்து வடித்த கஞ்சியைச் சட்டியோடு தூக்கி வந்தார். ஆவி பறந்தது. "இங்குட்டுப் படுக்காதன்னு எத்தனை தடவ விரட்டுறது" என்றபடி, நிதானமாகக் குனிந்து, அதன்மேல் ஊற்றினார். ஐந்தாறு அடி தூரத்தில் நின்று நான் பார்த்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அக்கா ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். முதுகுத் தோல் முழுக்க உரிந்துவிட்டது. ஒரு கண் போய்விட்டது. ஆனால் பிழைத்துக்கொண்டது.

மறுநாள் அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த ஏட்டு சிரிக்காமல்தான் கேட்டார்: "நாய் என்னம்மா விலை பெறும்?" விலை பெறாத பிராணிக்கு வழக்கு நிற்காது என்பது அவர் எண்ணம்.

அக்கா தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை வாங்கிப் படித்திருந்தார். "பழைய சட்டந்தான் சார் விலை கேக்கும். அறுபதுல வந்த சட்டம் விலை கேக்கல. வதைச்சாகளா இல்லையான்னு மட்டுந்தான் கேக்குது" என்றார்.

நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் போனபோது திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். இப்படியே வாரக்கணக்கில் நடந்தார். அந்தச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். நாள் கடத்துவது எதற்கு என்று புரிந்ததும், கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அவரே நேராகக் கோர்ட்டில் மனுக் கொடுத்துவிட்டார். பார்த்த சாட்சி யார் என்று வக்கீல் கேட்டார். நான் என்றேன். நிஜமாகவே சொல்ல வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன்.

சம்மன் வந்த அன்று பள்ளத்தூரில் எங்கள் வீடு நிறைய ஆட்கள். யாரும் சத்தம் போடவில்லை. "நீ கூண்டுல ஏறுனா குலசாமி கும்பிடுக்கு நம்மளச் சேக்க மாட்டாக. நாளைக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவாக?" என்றார் என் மாமனார். என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரு நாய்க்காகவா?"

கோர்ட்டில் கேட்டார்கள். "பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பினேன்" என்றேன். நாய் வெந்தது உண்மை என்று டாக்டரின் சான்றிதழ் சொன்னது. யார் ஊற்றியது என்று சொல்ல ஆளில்லை. வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. வெளியே கடைக்காரரும் அவர் ஆட்களும் சிரித்துக்கொண்டு போனார்கள். அக்கா என்னிடம் வந்து, "வெயிலா இருக்கு, நடக்காத. பஸ்ஸுல போயிரு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளை, வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. விஷம். அக்கா மறுபடி ஸ்டேஷனுக்குப் போனார். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. பார்த்தவர் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. காளையார்கோவில் சாலையில் கழுத்துப் புண்ணோடு பாரம் இழுத்த மாடு, ரயில் ஸ்டேஷன் வாசலில் கால் ஒடிந்தும் வண்டியில் பூட்டப்பட்ட குதிரை என்று, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி அனுப்பினார். எனக்குத் தெரிந்து ஒன்றில்கூட யாரும் தண்டிக்கப்படவில்லை. அதிகாரிகள் அவரை நாய்க்காரம்மா என்றார்கள். நம்மில் சிலரும் அப்படிச் சொல்லிச் சிரித்தோம்.

"எதுக்குக்கா இன்னும் எழுதுறீக?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பதில் வராதுன்னு எனக்கும் தெரியும். எழுதலைன்னா அது நடக்கவே இல்லைன்னு ஆயிரும்ல" என்றார்.

சட்டம் இன்றும் இருக்கிறது. அந்தச் சாலையில் புண்பட்ட மாடுகளும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எழுத இப்போது அக்காவும் இல்லை. நான் எழுதுவேனா என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என்னை எனக்குத் தெரியும்.

கோர்ட்டு விஷயத்தை நாங்கள் இருவரும் பல வருஷம் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊர்க்காரர்களை ஒருவரோடொருவர் பேச வைத்துக்கொண்டிருந்தோம். அவர் வேலையை விட்டு ஒக்கூருக்குப் போக இருந்த கடைசி நாளில்தான் எனக்கு வாய் வந்தது. "அக்கா, என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை.

"மன்னிக்க நான் யாரு மீனா? வெந்தது என் முதுகா?" என்றார்.

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். என்னைத் தேற்றுவதற்காகக்கூட அவர் பொய் சொல்லவில்லை. சிவகாமி அக்காவிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய வாயில்லாப் பிராணியும் என்றைக்கோ செத்துப் போயிற்று.