பட்டுத் துணிக்குள் கணக்குப் புத்தகம்

விழுப்புரத்தில் என் மகன் படிக்கிற பள்ளியிலிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வாசிப்பு தினமாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்துவந்து நண்பர்களோடு மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மற்ற அம்மாக்கள் எல்லாம் வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் போடவில்லை. அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து எழுந்துபோய், எந்தப் புத்தகத்தை அவன் கையில் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. போகட்டும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோதும் இப்படி ஒரு தினம் வந்தது. வல்லத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாங்கள் சமணர்கள். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுவார், அதை வாங்கி விற்கவும் செய்வார். எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் பூஜை அலமாரியில் பட்டுத் துணி சுற்றி அடுக்கியிருந்த ஏழுதான். குளிக்காமல் தொடக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது, கால் படக்கூடாது. அம்மா தினமும் காலையில் அவற்றின் மேல் அட்சதை போட்டுக் கும்பிடுவாள். ஆறு புத்தகங்களை அப்பா எப்போதாவது பிரித்துப் படிப்பார். ஓரத்தில் இருந்த ஒல்லிப் புத்தகத்தை யாரும் பிரித்துப் படித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வியாழக்கிழமை பெரிய டீச்சர் வகுப்புக்குள் வந்து, "நாளைக்கு வாசிப்பு தினம். ஆளுக்கொரு புக்கு எடுத்துக்கினு வரணும். எவனாவது பாடப் புக்கைத் தூக்கிக்கினு வந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்றார். புத்தகத்தின் மீது அன்பு வளர்க்கிற நாள் எங்கள் பள்ளியில் இப்படித்தான் தொடங்கியது.

வீட்டில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆகவே கேட்கவில்லை. மறுநாள் காலை அம்மா மாட்டில் பால் கறக்கும் நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தேன். ஒல்லியாக இருந்ததால் காணாமல் போனாலும் தெரியாது என்று அந்த ஓரத்துப் புத்தகத்தை உருவினேன். அட்டையில் யானை போட்டிருந்தது. உள்ளே பிரித்துப் பார்க்க நேரமில்லை. துணி வெறுமனே கிடந்தால் மாட்டிக்கொள்வேனே! என்னுடைய இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. அதைப் பட்டுத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஓரத்தில் செருகிவிட்டேன். அன்றைக்கு அம்மா என் கணக்குப் புத்தகத்துக்கு அட்சதை போட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டதை வாசலில் நின்று பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் பள்ளிக்கு ஓடினேன்.

பள்ளியில் புங்க மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவன் பூச்சி மருந்துக் கம்பெனி டைரி கொண்டுவந்திருந்தான். ஒருத்தி பஞ்சாங்கம். ஒருவன் அண்ணன் டிராக்டர் வாங்கியபோது கொடுத்த விளக்கப் புத்தகம். யானைப் படம் போட்ட கதைப் புத்தகம் என்னுடையது மட்டும்தான். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு வந்த தலைக்கனம்! சீட்டு எடுத்ததில் என் புத்தகம் ஸ்டெல்லாவுக்குப் போயிற்று. அவள் சர்ச் தெருப் பெண், அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். அவளுடைய புத்தகம் எனக்கு வந்தது. ஏதோ வாரப் பத்திரிகையோடு இலவசமாக வந்த மீன் சமையல் குறிப்பு. ஒரு வாரம் வைத்துப் படித்து, அடுத்த வெள்ளிக்கிழமை என்ன படித்தோம் என்று சொல்ல வேண்டும் என்றார் டீச்சர்.

முட்டை விற்கிற கடையில் உப்புக்கூட வாங்காத வீடு எங்களுடையது. அன்று சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்து உட்கார்ந்து நெத்திலியில் தொடங்கி வஞ்சிரம் வரைக்கும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ஒரு இடத்தில் நிலைகொள்ளாத நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வினை சனிக்கிழமை வந்தது. மறுநாள் சுருத பஞ்சமி என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. எங்கள் சமணர் வீடுகளில் நூல்களுக்கென்றே ஒரு நாள் அது. புத்தகங்களையெல்லாம் வெளியே எடுத்து, தூசி தட்டி, புதுத் துணி சுற்றி, பூஜை செய்வோம். முதல் நாளே அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மணைமேல் வைத்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். ஏழாவது முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு வாத்துகள், கூட்டல் குறி, மூன்று வாத்துகள்.

முதுகு பழுக்கப் போகிறது என்று நான் தயாராக நின்றேன். அம்மா அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல இருந்தது எங்கடி?"

நான் எல்லாவற்றையும் சொல்லி, சாட்சிக்கு மீன் புத்தகத்தையும் கொண்டுவந்து நீட்டினேன். அம்மா அதைக் கையால் தொடாமல் முறத்தில் வாங்கினாள். கொல்லையிலிருந்து வந்த அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், "அது இல்ல" என்று. அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே, "ஏறு வண்டியில" என்றார். மீன் புத்தகம் ஒரு பிளாஸ்டிக் பையில் டிவிஎஸ் வண்டியின் கைப்பிடியில் தொங்கியது.

ஸ்டெல்லா வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க திண்டிவனம் போய்க்கீறாங்களே நயினாரே. ஸ்டெல்லா அம்மாவோட அம்மா வூட்டுக்கு. இன்னா வெசயம்?"

சமணர்களை எங்கள் பக்கம் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா வண்டியைத் திருப்பினார். வண்டி திண்டிவனம் சாலையில் ஏறியது. அப்பா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. அந்த வண்டிக்கு அவ்வளவு வேகம் உண்டு என்பதும் தெரியாது. இவ்வளவு அமர்க்களம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது. சாமி புத்தகம் மீன் சாப்பிடுகிற வீட்டுக்குப் போய்விட்டது. தீட்டு. பூஜைக்குள் திரும்பி வராவிட்டால் பெரிய பாவம் வரும், அது என் தலையில்தான் விடியும். அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அழுதேன்.

திண்டிவனத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது உச்சி வெயில். அங்கேயும் அவர்கள் இல்லை. ஸ்டெல்லாவின் சித்திக்குக் காலையில் பிரசவ வலி எடுத்ததாம், விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். "பொண்ணு கையில ஒரு புக்கு இருந்துதா?" என்று அப்பா கேட்டார். "அந்த நேரத்துல யாருங்க அத்தெல்லாம் பாத்தது? ஒரே பேஜாரா இருந்துச்சி" என்றார் வீட்டிலிருந்தவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினோம். பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் நின்றது. அப்பா சாலையோரத்தில் நடந்துகொண்டே இருந்தார். நான் பின்னால் நடந்தேன். எனக்குப் பசி, தாகம், கால் அரிப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அப்பா சூரியனை அடிக்கடி பார்த்தார். பொழுது சாய்ந்துவிட்டால் நாங்கள் சாப்பிட மாட்டோம். காலையிலிருந்து அவர் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு மட்டும் இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் மரத்தடி மரத்தடியாகத் தேடினோம். நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு வேப்ப மரத்தடியில் போர்வை விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்டெல்லா. மடியில் எங்கள் புத்தகம். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டார் மட்டுமல்ல, வேறு நோயாளிகளோடு வந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிடுங்குங்கப்பா" என்று நான் அப்பாவின் கையை இழுத்தேன். அப்பா நகரவில்லை. காலையிலிருந்து பறந்தவர் அங்கே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்டெல்லாவின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "வாங்கண்ணா. புக்குக்காகவா இம்மாந்தூரம் வந்தீங்க? கெட்டுப்போகலண்ணா, நான் காலண்டர் தாள்ல அட்டை போட்டுட்டேன். தங்கச்சிக்கு இன்னும் ஆவல. உள்ள வுட மாட்டேன்றாங்க, கையும் ஓடல காலும் ஓடல. இது படிக்கிறதைக் கேட்டுக்கினு இருக்கோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொதப் பக்கத்துல ஒரு பாப்பா படம் இருக்குதே..." என்று இழுத்தார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எங்கள் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே எழுதியவர் படம் இருக்கும். "அந்தப் பாப்பாதான் இந்தப் புக்கை எழுதுனது" என்றேன்.

ஸ்டெல்லாவின் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. என் தலையில் கை வைத்து, "ஆமாம்" என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் சொன்ன பதில் சரியாக இருந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்டெல்லா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "கதை முடியலையே. இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி" என்றாள்.

"படிம்மா" என்றார் அப்பா. போர்வையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மீன் குழம்புத் தூக்கு இருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அந்த இரண்டு பக்கத்தை முடிப்பதற்குள் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. வெயில் மங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிவிட்டது. அப்பாவின் சாப்பாடு அன்றைக்கு அவ்வளவுதான்.

நாங்கள் வீடு திரும்பும்போது அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். புத்தகத்தைக் கிட்டத்தட்டப் பறித்தாள். முதல் பக்கத்தைத் திறந்து முகத்தை அதன்மேல் வைத்தாள், வைத்தது வைத்தபடியே நின்றாள். முகர்ந்து பார்க்கிறாள் என்று நினைத்தேன். "மீன் வாடை அடிக்காதும்மா, அவங்க அட்டை போட்டுத்தான் வச்சிருந்தாங்க" என்று சமாதானம் சொன்னேன். அம்மாவின் தோள் குலுங்கியது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பூஜை முடிந்தது. தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடக் கட்டம் போடுகிற சத்தம் கேட்டது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். அந்த ஒல்லிப் புத்தகத்தைத் துணி சுற்றாமல் மணைமேல் வைத்திருந்தாள். "அந்தப் பொண்ணு படிச்ச கதையை நீ படி" என்றாள். யானைக் கதை, மொத்தம் ஆறு பக்கம். கடகடவென்று படித்து முடித்து எழுந்தேன். அம்மா முதல் பக்கத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி படி. மெதுவா" என்றாள். படித்தேன். மறுபடியும் முதல் பக்கம், மறுபடியும் இன்னொரு வாட்டி. அம்மாவுக்குத்தான் நன்றாகப் படிக்கத் தெரியுமே! புத்தகத்தைத் தொலைத்ததற்கு அடிக்குப் பதிலாக இந்தத் தண்டனை என்று எனக்கு விளங்கிவிட்டது.

எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்பதை ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பெரியம்மா வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். போனவர்கள் நினைவாக ஒரு நூலை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுப்பது எங்களிடம் உள்ள வழக்கம், சாஸ்திர தானம் என்போம். கதை கதை என்று அரித்தெடுக்கிற பிள்ளையாம் அவள், அதனால் கதைப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். அவளை எடுத்த ஒரே போட்டோ அச்சகத்தில் தவறிவிட்டது. படம் இருந்தது அந்தப் புத்தகத்தில்தான். மற்ற பிரதிகள் எல்லாம் ஊரார் வீடுகளில் இருந்தன. தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது. ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொடுத்தவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பிரதியைத் திறக்கிற தைரியம் மட்டும் பல வருடமாக வரவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறையும் அம்மா, "இன்னும் ஒரே ஒரு வாட்டிம்மா" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். தலை வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். நல்லவேளை, தப்பித்தோம் என்று பொழுது சாய்கிற வரைக்கும் பாண்டி ஆடினேன்.