லாரிக் கதவுக்கு ஒரு கண்ணாடி: மதுரையிலிருந்து மன்னவனூர் வரை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் மதுரையிலிருந்து மன்னவனூருக்குக் கிளம்பினோம். எங்கள் வண்டி தொண்ணூற்றாறாம் வருடத்துச் சின்ன லாரி. முன்பு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்கி, பின்னால் தார்ப்பாய் கட்டி, மெத்தையும் அடுப்பும் போட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வீசிங் வந்தது. அதோடு சுற்றலும் நின்றது.

வண்டி சும்மா நிற்பதைப் பார்த்த எங்கள் மகன், அதை விற்க ஆள் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்றான். என் வீட்டுக்காரர் தையல்காரர், வாயில் எப்போதும் ஊசியோ நூலோ இருக்கும். இதற்கும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விக்கிறதுன்னா வித்துக்கங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல போயிட்டு வருவோம். எனக்கு மூச்சு முட்டுச்சுன்னா நானே சாவியக் குடுத்துர்றேன்" என்றேன். டாக்டரிடம் கேட்டேன். போகலாம், குளிர்காற்று மட்டும் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்றார். அடிக்காது, கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன் என்று நானும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஏழு மணிக்கு வத்தலக்குண்டில் இட்லி. அங்கிருந்து மலைப்பாதை. கார்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும், எங்களுக்கு இரண்டரை மணி நேரம். கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். வழியில் நின்றுகொண்டு போனைத் தடவினால் சிக்னல் கிடைக்காது. பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தும்போது மணி ஒன்பது ஐம்பது. அதுவரை ஒரு இருமல்கூட இல்லை.

அங்கேதான் மகன் போன் செய்தான். "அம்மா, வாங்குறவரு வண்டி போட்டோ கேக்குறாரு. நிறுத்தியிருக்கீங்கன்னா நாலு போட்டோ எடுத்து அனுப்புங்க." எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை இருக்கையில் எறிந்துவிட்டு, இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். டீ வாங்குவதற்காகக் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். இந்த மாதிரிப் பழைய லாரியில் கண்ணாடி பாதி இறங்கியிருக்கும்போது கதவை அப்படிச் சாத்தக் கூடாது. பிடிமானம் இல்லாமல் கண்ணாடி உள்ளே ஆடும். படார் என்றது. முழுக் கண்ணாடியும் பொலபொலவென்று கல்கண்டுத் துண்டுகளாகக் கொட்டிவிட்டது.

இவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு மேல கோவம், எது மேல காட்டுற நீ?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மூச்சைக் காப்பாற்ற இருந்த ஒரே கண்ணாடி, அதுவும் நான் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி. என் கையாலேயே உடைத்துவிட்டேன்.

அங்கிருந்து கொடைக்கானல் பன்னிரண்டு கிலோமீட்டர். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டேன். மூடுபனி உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் இருமல் ஆரம்பித்தது. இவருக்குக் கேட்டால் வண்டியைத் திருப்பிவிடுவாரே என்று சால்வைக்குள்ளேயே இருமி, இன்ஹேலரையும் அதற்குள்ளேயே வைத்து உறிஞ்சினேன். திருட்டுப் பீடி குடிப்பவர்கள்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினோம். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்குக் கண்ணாடி இங்க ஏதுங்க? கீழ சொல்லிவிட்டா திங்கக்கெழம வரும். வேணும்னா பாலித்தீன் ஒட்டித் தர்றேன்" என்றார். பாலித்தீன் ஒட்டினால் வெளியே இருக்கும் இடது பக்கப் பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாது. கொண்டை ஊசி வளைவில் அது ஆகாது.

"திரும்பிருவோமா?" என்றார் இவர். "இல்லைன்னா டாக்ஸி பிடிச்சுப் போயிட்டு வருவோம்."

"டாக்ஸியில போறதுக்கு நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்? வண்டி வேணாம்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க, நேரா சொல்லுங்களேன்!"

மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தன் கடை வாசலிலிருந்து கிளப்ப நினைத்தாரோ என்னவோ, "ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுற லூர்துகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க. நாலு கடை தள்ளி" என்றார்.

லூர்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். காட்டேஜ் ஜன்னல்களுக்கும் போட்டோ சட்டங்களுக்கும் கண்ணாடி வெட்டுபவர். ஜன்னல் கண்ணாடியிலேயே ஒன்று வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அக்கா, அந்தப் பாவம் எனக்கு வேணாம். சாதாக் கண்ணாடி வண்டியில ஒடஞ்சா கத்தியா எறங்கும். உங்க கண்ணாடி பொடியாக் கொட்டுச்சுல்ல, அது சூடு ஏத்துன கண்ணாடி. அதை வெட்டவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. தொட்டா மொத்தமும் போயிரும்."

எனக்கு முகம் செத்துப்போயிருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பின்னால ஒரு பழைய பஸ்ஸு முன்கண்ணாடி கெடக்கு. நடுவுல பிளாஸ்டிக் தாள் வச்சு ஒட்டுனது. ஒடஞ்சாலும் தாள்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும், வெட்டவும் செய்யலாம். ஒரு ஓரம் வெடிச்சிருக்கு. மிச்சத்துல உங்க கதவுக்கு ஒண்ணே ஒண்ணு தேறும். ரெண்டாவதுக்கு வழி இல்ல."

எங்கள் வண்டிக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. வலது கதவில் இருப்பதைத் திருப்பிப் போட்டால் இடது கதவுக்கு அளவு சரியாக இருக்கும். மெக்கானிக் வந்து வலது கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதை அட்டையில் வைத்து வரைந்து வெட்டுகிற வேலையை இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். காதில் பென்சில், கையில் கத்தரி. காலையிலிருந்து செத்த முகமாக இருந்தவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு லூர்து கோடு போட்டு வெட்டினார். இரண்டு பக்கமும் கீறி, தட்டி, நடுவில் இருக்கும் தாளை இளக்கக் கோட்டின் மேல் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். நீலமாக ஒரு நெருப்புக் கோடு ஓடி அணைந்தது. அந்த இடைவெளியில் பிளேடை விட்டு அறுத்தார்.

கதவில் வைத்தார்கள். போகவில்லை. திருப்பி வைத்தார்கள். போகவில்லை.

லூர்து வலது கண்ணாடியின் மேல் அட்டையை வைத்துப் பார்த்தார். "இதென்னண்ணே, சுத்தியும் அரை இஞ்சு கூட இருக்கு?"

இவர் சாதாரணமாகச் சொன்னார்: "தையலுக்கு விட்டேன்."

"கண்ணாடிய எங்கண்ணே மடிச்சுத் தைக்கப் போறீங்க?" என்று லூர்து கேட்டதும் மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பது வருடம் துணி வெட்டிய கை அளவை அப்படியே வெட்டச் சொன்னால் கேட்குமா? இவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் லூர்து அடுத்துச் சொன்னது இதுதான். "பெருசா வெட்டுறது லேசு. அரை இஞ்சு ஓரத்த நறுக்குறதுதான் சோலி. வெடிச்சா என்னைக் கேக்கக் கூடாது."

இவர் கடைக்கு வெளியே போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பக்கத்தில் போனேன். "என் கையாலயே கெடுத்துட்டேன் செல்வி" என்றார். "வண்டி வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? நீ மூச்சுக்குத் தவிக்கிறப்ப பக்கத்துல நிக்கிறவன் நான். உனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாது. சால்வைக்குள்ள இருமுனா எனக்குக் கேக்காதுன்னு நெனைச்சியா?"

இரண்டு வருடமாக இந்த மனிதரை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே லூர்து தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு ஓரம், இரண்டு ஓரம், மூன்று ஓரம். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். மூன்றாவதில் மூலையில் ஒரு நகக்கண் அளவுக்குச் சில்லு தெறித்தது, வெடிப்பு ஓடவில்லை. "அடிப்பக்கம் கதவுக்குள்ளதான போவுது, உங்க தையலு அங்க மட்டும் இருந்துட்டுப் போவட்டும்" என்று நிறுத்திக்கொண்டார் லூர்து. ஓரங்களைச் சாணைக்கல்லால் தேய்த்து, புது ரப்பர் போட்டு, கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி முக்கி முனகி மேலே ஏறிவிட்டது. முழுவதும் இறக்கினால் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இருக்கட்டும். கண்ணாடிக்கும் வெட்டுக்கூலிக்கும் ஆயிரத்து நானூறு, வலது கண்ணாடியையும் திரும்பப் பூட்டிய மெக்கானிக்குக்கு அறுநூறு. மணி மூன்றே கால். "மேல மழ வருது, வெரசா கெளம்புங்க" என்று விரட்டாத குறையாக அனுப்பினார்கள்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். பூம்பாறை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர் வழிய, உள்ளே நான் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு முன்பே மன்னவனூர் சேர்ந்துவிட்டோம். மழை விட்டு, கேரட் தோட்டங்களுக்கு மேல் வெயில் அடித்தது. அந்த முப்பத்தைந்து கிலோமீட்டரும் இன்ஹேலர் பையை விட்டு வெளியே வரவில்லை.

பழைய லாரியில் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிளம்பும் முன் கண்ணாடியின் நீள அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தட்டையா வளைவா என்றும் பாருங்கள். வளைவு என்றால் மலையில் ஒன்றும் நடக்காது, கீழேயே ஒன்று வாங்கிப் போர்வையில் சுற்றி எடுத்து வாருங்கள். சாதாக் கண்ணாடி போடுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உடைந்த பொடியைக் கதவின் அடியிலிருந்தும் அள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுக் கண்ணாடியைக் கீறிவிடும். மன்னவனூரில் சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். வீசிங் உள்ளவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், என்னைக் கேட்காதீர்கள். கோபம் வந்தால் கதவைத் தவிர வேறு எதையாவது சாத்துங்கள்.

சனிக்கிழமை காலை, வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். வண்டியை வாங்க இருப்பவர் இவருக்கே போன் செய்துவிட்டார். வண்டி கண்டிஷன் எப்படி என்று கேட்டது எனக்கும் கேட்டது. இவர் என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அதை ஏன் கேக்குறீங்க? லெஃப்ட் கதவுக் கண்ணாடி பொடிப்பொடியா நொறுங்கிப் போச்சுங்க. அந்த மாடலுக்கு மலையில எந்தக் கடையிலயும் கெடைக்கல. நீங்க வேற வண்டியே பாருங்க."

ஒரு வார்த்தை பொய்யில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சாவியைத் திருகினார். "இந்த ரோட்டுல கடைசி ஊரு கிளாவரை, இன்னும் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தானாம். போவோமா?"