கந்தூரிக்கு நேர்ந்த கறுப்பி

கோழி வளர்த்தால் முட்டை கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாள் முழுக்க வழக்குத் தீர்க்க வேண்டிவரும் என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நாவுலயில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஐந்து கோழிகள் இருந்தன. அவற்றுக்கு அரசி கறுப்பி. அது தின்று முடிக்கும்வரை மற்றவை எட்டி நிற்க வேண்டும். மீறினால் மண்டையில் ஒரு கொத்து.

தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போன வாப்பா, திரும்பும்போது நான்கு சிவப்புக் கோழிகளை வாங்கிவந்தார். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. அந்த நான்கில் ஆகச் சாதுவானதை நான் என்னுடையது என்று சொல்லிவைத்திருந்தேன். கறுப்பிக்கும் அதைத்தான் பிடித்திருந்தது, கொத்துவதற்கு. ஒரே வாரத்தில் அதன் முதுகில் இறகே இல்லை. நான் அழுவேன், உம்மா தும்புத்தடியோடு ஓடிவருவார், கறுப்பி வேலிக்கு மேலே ஏறி நின்று எங்கள் இருவரையும் பார்க்கும்.

வேறு வீடாக இருந்தால் கறுப்பி எப்போதோ குழம்பாகியிருக்கும். எங்கள் வீட்டில் முடியாது, ஏனென்றால் அது நேர்ச்சைக் கோழி. அதற்கு முன் இரண்டு முறை உம்மா வயிற்றில் பிள்ளையோடு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். உம்மாவுக்கு வயிற்றுவலி என்றுதான் என்னிடம் சொன்னார்கள். இரண்டு முறையும் வாப்பா எனக்குத் திராட்சை வாங்கித் தந்ததால், அவை எனக்கு நல்ல நாட்களாகவே நினைவிருந்தன. மூன்றாம் முறை, பிள்ளை சுகமாகப் பிறந்தால் கறுப்பியைப் பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்குக் கொடுப்பதாக உம்மா நேர்ந்துவிட்டார். நேர்ந்தபின் விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, உடம்பில் ஒரு குறையுமில்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும்.

"நிய்யத்து வைக்க ஒங்களுக்கு இந்த சைத்தான்தானா கெடச்சிச்சு?" என்று வாப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

"அந்நேரம் அதுதான் கொழுத்து நின்னிச்சு. நான் என்ன செய்ய?" என்பார் உம்மா.

பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஒரு வழி சொன்னார். அடாவடிக் கோழியை மற்றவற்றின் கண்ணில் படாமல் மூன்று நாள் கூடைக்குள் மூடிவைக்க வேண்டும். திரும்பி வரும்போது அதன் கொட்டம் அடங்கியிருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு உம்மாவுக்குக் குனிய முடியாததால் பொறுப்பு என்னிடம் வந்தது. "மூணு நாள்தான் மகள், தண்ணி வைக்க மறந்திடாதீங்க" என்று பலமுறை சொன்னார்.

விறகுக் கொட்டிலில் கறுப்பியின் மேல் கூடையைக் கவிழ்த்து மூடினேன். பின்வளவில் அப்படியொரு அமைதியை நான் கண்டதேயில்லை. என் கோழி முதன்முறையாக வயிறாரத் தின்றது. இந்தச் சுகத்தைக் கண்டபிறகு சிறைக் கதவைத் திறக்க எவருக்கு மனம் வரும்? உம்மா கேட்டபோதெல்லாம் இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்றேன். கால் வீங்கிப் படுத்திருந்தவர் நம்பிவிட்டார். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

திறந்துவிட்ட அன்று கறுப்பிக்கு அங்கே இடமே இருக்கவில்லை. எட்டும் ஒன்றாகப் பாய்ந்தன. முன்னால் நின்று கொத்தியது என் சாதுக் கோழி. நான் கைதட்டிச் சிரித்தேன். கறுப்பிக்கு இது வேண்டும் என்றுதான் இருந்தது. சத்தம் கேட்டு உம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வருவதற்குள் கறுப்பியின் கொண்டை கிழிந்து, ஒரு கண் இரத்தத்தில் மூடிக்கிடந்தது.

உம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வேல செஞ்சீங்க மகள்? இனி நான் எதக் கொண்டுபோய்க் குடுக்க?"

"வேற கோழி ஈக்குதானே உம்மா. அதக் குடுங்க."

அவர் கறுப்பியை மடியில் எடுத்து முந்தானையால் இரத்தத்தை ஒற்றினார். எனக்கோ எரிச்சல் தாங்கவில்லை. நாள்தோறும் அந்தக் கோழியைத் திட்டியவரே அவர்தானே!

அதன்பிறகு கறுப்பி உம்மாவின் அறையில் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் குடியேறியது. குனிய முடியாதென்று பெட்டியை வாப்பா கதிரையில் தூக்கிவைத்தார். உம்மா கொதித்தாறிய நீரில் துணி நனைத்து அதன் கண்ணைத் துடைப்பார், பாண் துண்டுகளை ஊறவைத்து ஊட்டுவார். எச்சம் அள்ளுவது என் வேலை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவ்வளவு கவனிப்பு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை, அதையும் சொல்லிக்காட்டினேன். மூன்றாம் வாரத்தில் கண் திறந்தது. அடுத்த மாதம் தம்பி பிறந்தான், ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதுகொண்டு. அந்த வருடக் கந்தூரிக்குக் கறுப்பி இரண்டு கண்ணோடும் போய்ச் சேர்ந்தது.

தம்பியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும், "உம்மாக்கு என்னைவிட அந்தக் கோழிதான் பெரிசு" என்று முறையிட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள். உம்மா மட்டும் சிரிக்காமல் தம்பியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். கோழியைக் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.