பதினான்கு குச்சிகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கூட இருந்த ஒரே சாட்சி இன்றைக்கு உயிரோடு இல்லை. ஆனால் இது என் இரண்டு கண்ணாலும் நான் பார்த்தது.

நமீபியாவில் ஒமருரு பக்கம் நான் வேட்டை வழிகாட்டி. அது ஜூன் மாதம். மறுநாள் டென்மார்க்காரர் ஒருவர் ஓரிக்ஸ் மான் சுட வருகிறார். எந்த வழியாக நடப்பது, காற்று எந்தப் பக்கம் என்று திட்டம் போட, நானும் தடம் பார்க்கும் ஹரசெப் அண்ணனும் வறண்ட ஆற்றுக்குள் இறங்கினோம். மாலை 4.10.

மணலில் ரத்தம். பக்கத்தில் ஒரு குச்சி நட்டிருந்தது. அதற்கப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று என்று வரிசையாக.

அடிபட்ட மானைத் தொடரும்போது ரத்தம் கிடக்கும் இடத்தில் குச்சி நடுவது எங்கள் வழக்கம். பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். ஆனால் ஒரு மாதமாக அங்கே யாரும் சுடவில்லை...

அண்ணன் தொட்டு முகர்ந்தார். இன்னும் ஈரம்.

"மான் வாடை இல்லியே தம்பி. குளம்படியும் காணோம்."

"காத்துல மூடியிருக்கும்ண்ணே."

"ரத்தத்த விட்டுட்டுக் குளம்படிய மட்டும் மூடுற காத்தா? நல்லா இருக்குடா உன் காத்து! குச்சியப் பாரு, எல்லாம் இடப்பக்கம் சாஞ்சிருக்கு. எவனோ உன்ன மாதிரி இடதுகைக்காரன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணிக்கொண்டே போனோம். பதினான்காவது குச்சி ஒரு முள்மரத்தடியில். அதற்குமேல் ரத்தம் இல்லை.

டொக்... டொக்...

பின்னால் யாரோ குச்சி அடிக்கும் சத்தம். திரும்பினோம். யாருமில்லை. மணி 4.45.

"இந்த வழி வேணாம் தம்பி. நாளைக்கு வடக்கால போவோம்."

"வடக்கால போனா மான் மோப்பம் புடிச்சிரும். அவருக்கு இருக்கிறதே ஒரு நாள். பயமா இருந்தா சமையக்கட்டுல இருங்கண்ணே."

ஆனாலும் அவர் மறுநாள் வந்தார்.

4.05. டென்மார்க்காரர் சுட்டார். மான் விழவில்லை. அண்ணன் முன்னால் ஓடினார்.

அண்ணனின் அலறல். ஓரிக்ஸ் கொம்பு ஈட்டி மாதிரி...

ஓடினேன். மணலில் ரத்தம். தள்ளாடிப் போன காலடிகள். நேற்றைய குச்சி ஒன்றுகூட இல்லை. ஆட்கள் என் பின்னால் வரவேண்டுமே என்று கைக்குக் கிடைத்த குச்சிகளை நட்டுக்கொண்டே போனேன்.

முள்மரத்தடியில் சாய்ந்து கிடந்தார்.

மூச்சில்லை.

4.45.

பாவி, நான்தானே கூட்டிப் போனேன்.

இரண்டு நாள் கழித்து போலீஸ்காரர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"மொத்தம் பதினாலு குச்சி. எல்லாமே இடப்பக்கம் சாஞ்சிருக்கு. நீங்க இடதுகைக்காரரா?"