மோட்டார் ஷட்டரும் அத்தையின் சந்தேகங்களும்

எங்கள் தெருவில் முதன்முதலாக மோட்டார் வைத்த ஷட்டர் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வரவில்லை. நான்காம் வகுப்பில் என் பெஞ்சில் இருந்தவர்கள், பள்ளி வேனில் வந்தவர்கள், அந்த வேனை ஓட்டியவர் என்று ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

அப்பாவுக்குச் செம்பட்டியில் உரக்கடை. திண்டுக்கல்லிலிருந்து தினமும் பைக்கில் போய் வந்தவர் ஒரு கார் வாங்கினார். கார் வந்ததும் அடுப்படியை ஒட்டி, அங்கிருந்தே போய்வர ஒரு வாசல் வைத்து, அதற்கொரு ஷெட் கட்டினார். சாதாரண ஷட்டர் போதுமே என்றாள் அம்மா. கடையிலும் ஷட்டர் தூக்கி வீட்டிலும் ஷட்டர் தூக்கினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்று அப்பா கேட்டார். அப்படித்தான் ரிமோட்டை அமுக்கினால் தானாகச் சுருண்டு மேலே போகும் அந்த அதிசயம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மாட்ட வந்த மெக்கானிக் சரியான வாயாடி. தன்னைப் போல ஷட்டர் மாட்ட மதுரை வரைக்கும் ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். வேலை முடியும் வரை நான் அவர் காலடியிலேயே கிடந்தேன். "ஏலே, தள்ளி நில்லு. தகடு விழுந்துச்சு, மூக்கு சப்பையாப் போகும்" என்று விரட்டுவார். ஆனால் "இது என்னண்ணே?" என்று கேட்டுவிட்டால் போதும், பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தொங்கும் தகடுகளுக்குப் பட்டி என்று பெயர். அவை விலகாமல் இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்துக்கொள்வது சேனல். மேலே அவை சுற்றிக்கொள்வது பைப். அந்தப் பைப்புக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. அது தாங்காவிட்டால் அவ்வளவு எடையையும் மோட்டார் தூக்காது. அடியில் தரையில் வந்து உட்காருவது ஆங்கிள், அதன் இரண்டு முனையிலும் உள்பக்கமாகத் தாழ்ப்பாள். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வது லிமிட் சுவிட்ச். லிமிட் சுவிட்ச் என்று வாயால் சொல்லும்போதே நான் கொஞ்சம் வளர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடத் தப்பவில்லை. ஆனால் யாருக்கும் பொறுமை கிடையாது. பட்டி, சேனல் எல்லாம் கேட்பார்கள். பைப் வரைக்கும் வந்ததும், "சரிப்பா, நல்லாப் படி" என்று நழுவிவிடுவார்கள். ஸ்பிரிங்கைத் தாண்டியும் நின்று கேட்டது அத்தை ஒருத்திதான்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில் இருந்துதான் இன்ஜினியரிங் படித்து முடித்தாள். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பம் அவளுக்குப் பூ வைத்துக் கல்யாணம் பேசி முடிக்க வருவதாக அப்பா ஏற்பாடு செய்திருந்தார். "ஏனுங்க, பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேண்டாமுங்க. எங்க வூட்ல என்ன கொறைச்சலுங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னார். அப்பாவுக்கு அது பெருமை. அத்தைக்கோ சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலையில் பூ ஏறிவிட்டால் திங்கட்கிழமை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "போயிட்டுத்தான் வரட்டுமே. படிச்ச புள்ள."

"நீ வெஞ்சனத்தைப் பாரு" என்றார் அப்பா.

அம்மா அடுப்பில் வெந்துகொண்டிருந்த வெஞ்சனத்தைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு இந்தச் சண்டையில் எல்லாம் மனசே இல்லை. எனக்கு ஒரு மாணவி கிடைத்திருக்கிறாள், அதுவும் இன்ஜினியர்! கால் தரையில் பாவவில்லை.

"அப்பு, கரெண்ட் இல்லைன்னா இந்த ஷட்டரு ஏறாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அடடா, என்ன கேள்வி! அதுவரை எவரும் கேட்காத கேள்வி. மோட்டாரோடு ஒரு கைச்சங்கிலி வரும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் அதற்கு வேலையே வரவில்லை. மெக்கானிக் அதைச் சுருட்டி மோட்டாருக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் அதைச் சொன்னபோது அப்பா செம்பட்டியில் இருந்தார். கேட்டது நான் மட்டும்தான். ஸ்டூல் போட்டு ஏறிச் சங்கிலியை இறக்கிக் காட்டினேன். இந்தப் பக்கம் இழுத்தால் ஏறும், அந்தப் பக்கம் இழுத்தால் இறங்கும். அத்தை இழுத்துப் பார்த்தாள். அவ்வளவு பெரிய ஷட்டர் பேசாமல் அவள் சொன்னபடி ஏறியது.

"இம்புட்டு லேசா வருது!"

"உள்ள ஸ்பிரிங் இருக்குல்ல!" என்றேன், அந்த ஸ்பிரிங்கை நானே செய்து மாட்டியது போல.

மறுநாள் அடுத்த சந்தேகம். "ஏன்டா இம்புட்டு சத்தம்? மோட்டாரா கத்துது?"

"மோட்டாரு பாதிதான் அத்தை. மிச்சம், பட்டி சேனல்ல உரசுற சத்தம். கிரீஸ் பூசுனா மூச்சு காட்டாது."

"எங்க போயி கிரீஸ் வாங்க?"

எதற்கு வாங்க வேண்டும்? மெக்கானிக் விட்டுப்போன டப்பா என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வருவதற்குள் இருவரும் உட்கார்ந்து பூசினோம். மேலே எட்டுமட்டும் அத்தை, கீழே நான். தாழ்ப்பாளுக்கும் ஒரு பூச்சு வேண்டும் என்றாள். அடேயப்பா, எனக்குத் தோன்றவில்லையே என்று வியந்துபோனேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று செத்த நேரம் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லை போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் மூக்கெல்லாம் கிரீஸ். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

வெள்ளிக்கிழமை வீட்டில் வெடித்துவிட்டது.

"நான் திங்கக்கிழமை வேலையில சேரத்தாண்ணே போறேன்" என்றாள் அத்தை.

"எப்படிப் போறேன்னு நானும் பாக்குறேன்" என்றார் அப்பா.

அப்பா பூட்டை எடுத்தார். எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். எங்களுக்குக் கதவைச் சாத்தினால் சாத்தியதாகக் கணக்கில்லை. பூட்டைத் தொங்கவிட்டு, பிடித்து ஆட்டி, போன பிறகு திரும்பி வந்து இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தால்தான் கண் அசரும். முன்பக்க கிரில்லுக்கு ஒன்று, கொல்லைக் கதவுக்கு ஒன்று, மொட்டைமாடிக் கதவுக்கு ஒன்று. மூன்றையும் ஆட்டிவிட்டு அப்பா ஷெட்டுக்கு வந்தார். ஷட்டரில் பூட்டு மாட்ட வளையம் இல்லை. கொஞ்சம் யோசித்தார். தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார். ஷட்டருக்கென்று இருந்த மெயினை அணைத்தார். ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கரெண்டையே அமத்தியாச்சு. இனி எவன் தூக்குறான்னு பாப்போம்."

"அப்பா, சங்கிலி..." என்று ஆரம்பித்தேன்.

"போய்ப் படுடா!"

போய்ப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அத்தையைக் காணோம். அவளுடைய பையையும் காணோம். பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் மத்தியானம் போன் செய்ததும், ஒட்டன்சத்திரத்துக்காரர்களிடம் அப்பா தலையைக் குனிந்து பேசியதும், மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு ஒரு தீபாவளியன்று போனை வாங்கி "சாப்டியா?" என்று அவளைக் கேட்டதும் பிறகு நடந்தவை. எனக்கு அந்தக் காலைதான் பெரிது. ஏனென்றால் அன்று வீட்டில் எல்லோருக்கும் நான் தேவைப்பட்டேன்.

அகரத்திலிருந்து மாமா ஓடி வந்திருந்தார். அம்மாவின் அண்ணன். அப்பாவும் அவரும் ஒவ்வொரு பூட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் போட்டது போட்டபடி தொங்கியது. ஷட்டரும் இறங்கியபடி, தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. மெயின் அணைந்தே இருந்தது. ரிமோட் அப்பா சட்டைப்பையில்.

"பூட்டு பூட்டின மேனிக்கு இருக்கு மச்சான். பறந்தா போனா?" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று வந்தது. "ஷட்டர்ப்பா! ஷட்டர் வழியாத்தான்!" என்று குதித்தேன்.

"கரெண்ட் இல்லாம எப்புட்றா?"

"கரெண்ட் எதுக்கு? வாங்க, காட்டுறேன்!"

அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஷெட்டில் கூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. தாழ்ப்பாள்களை நீக்கினேன். ஸ்டூலில் ஏறிச் சங்கிலியை இறக்கினேன். இழுத்தேன். முனகல்கூட இல்லாமல் ஷட்டர் மேலே போனது. தெரு வெளிச்சம் அப்பாவின் காலில் விழுந்து, இடுப்புக்கு ஏறி, முகத்துக்கு வந்தது.

"அடப்பாவி, அம்புட்டு பெரிய ஷட்டரை இந்த நண்டு தூக்குது பாருங்க!" என்றார் மாமா.

அப்பா சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்துப் பார்த்தார். எனக்கு அது போதுமானதாக இல்லை. இன்னும் பாதிப் பாடம் பாக்கி இருந்தது. சங்கிலியின் மறுபக்கத்தை இழுத்து ஷட்டரை இறக்க ஆரம்பித்தேன்.

"இறக்குறதுக்கும் இதேதான். ஆனா சங்கிலி உள்பக்கம் மட்டுந்தான் இருக்கு, தாழ்ப்பாளும் உள்பக்கந்தான். வெளிய போனவங்க இறக்க முடியாது. உள்ள நின்னு யாராச்சும் ஒருத்தர்..."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தாள். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஒரு முழு இட்லியை என் வாயில் திணித்தாள். பல் விளக்காத வாய்!

"காலங்காத்தால வெறும் வயித்தோட என்ன கத்து கத்துது இது! வா உள்ள" என்று என்னைத் தரதரவென்று அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யாருமே முழுசாகக் கேட்காத பாடத்தைக் கடைசி வரிக்குக் கொண்டுவந்திருந்தேன். அதைப் போய்க் கெடுத்துவிட்டாளே! இட்லியை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அழுதேன். அம்மா என் வாயைத் தன் உள்ளங்கையால் துடைத்தாள். அந்தக் கையில் இட்லி மணம் இல்லை. சோப்புப் போட்டும் போகாத கிரீஸ் வாடை, ரேகைகளில் கறுப்பு.

என் கிரீஸ் டப்பாவை எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கோபத்தில் அன்று முழுக்க அம்மாவோடு நான் பேசவே இல்லை.